கடற்கரை வீட்டுக்கு ஓஎல்இடி டிவி வாங்கலாமா?

கேள்வி: குளச்சலுக்குப் பக்கத்தில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன், கிறிஸ்துமஸுக்கு வரும்போது 65 இஞ்ச் ஓஎல்இடி டிவி வாங்கித் தருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இங்கே வாங்கவா, அங்கேயிருந்து கொண்டு வரவா என்றும் கேட்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. போன டிவி மின்னலில் போய்விட்டது. அதற்கு முந்தினதில் சத்தம் மட்டும் வந்தது, படம் இருண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் காலையில் நியூஸ் சேனல் போட்டால் ராத்திரி வரை அதுதான் ஓடும். மார்த்தாண்டத்தில் தங்கச்சி வீட்டில் ஓஎல்இடி டிவி வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. திரையின் அடியில் ஒரு பட்டை மாதிரி நிழல் நிற்கிறது. பேனல் போய்விட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். இவ்வளவு காசு போட்டால் பத்து வருஷம் உழைக்குமா? உப்புக்காற்று தின்றுவிடாதா? எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

பதில்: டீச்சர், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார் நாள் முழுக்க நியூஸ் பார்க்கும் ஹாலில், வீட்டுக்கு இருக்கும் ஒரே டிவியாக ஓஎல்இடி வைக்க வேண்டாம். அதற்காக மகன் ஆசையாக வாங்கித் தருவதைத் தடுக்கவும் வேண்டாம். நியூஸுக்கு ஒரு 43 இஞ்ச் சாதாரண எல்இடி டிவி, சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து படம் பார்க்க ஓஎல்இடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் ஏழெட்டு வருஷம் நன்றாக உழைக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். அதற்கு மேல் ஓடுவது உங்கள் வீட்டு கரண்டையும் எர்த்தையும் பொறுத்தது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற நம் குமரி மாவட்டத்து வீடுகள் பலவற்றில் இதே கேள்விதான் ஓடுகிறது.

உங்கள் பழைய டிவியில் சத்தம் வந்து படம் இருண்டதே, அதில் இருந்து தொடங்கலாம். எல்இடி டிவியில் திரைக்குப் பின்னால் விளக்குப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அந்த வெளிச்சத்தை முன்னால் உள்ள திரை மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. பட்டையில் ஒரு பல்பு போனாலும் அந்த வரிசையே அணைந்துவிடும். சில மாடல்களில் மொத்தமாகவே இருண்டுவிடும். அனேகமாக உங்களுக்கு நடந்தது அதுதான். பட்டையை மாற்றினால் மறுபடி ஓடக்கூடிய பழுது அது.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். எல்ஜி வகைப் பேனலில், அதாவது திரைப் பலகையில், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நான்கு சிறு புள்ளிகள். கணக்குப் பார்த்தால் 3 கோடியே 30 லட்சம் குட்டி விளக்குகள். இருட்டுக் காட்சியில் அந்த இடத்து விளக்குகள் முழுசாக அணைவதால்தான் கறுப்பு அத்தனை கறுப்பாக இருக்கிறது. பட்டை போகும் பழுது இதில் வராது. ஆனால் தேய்மானம் வந்தால் அது புள்ளி புள்ளியாகத்தான் வரும். தேய்ந்த இடத்தை மட்டும் கழற்றி மாற்ற எந்த மெக்கானிக்காலும் முடியாது. முழு பேனலையும் மாற்ற வேண்டும். அதன் விலை டிவி விலையில் பாதியைத் தாண்டிவிடும்.

இந்த விளக்குகள் கரிமச் சேர்மங்களால் ஆனவை. 1987-ல் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் இந்த வகை விளக்கைச் செய்து காட்டிய நாள் முதல் இன்று வரை தொல்லை கொடுப்பது நீல நிறம்தான். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அதனால் அந்தப் பொருள் மற்ற நிறங்களை முந்திக்கொண்டு தேய்கிறது. அதைத் தாங்க வைப்பதற்காகத்தான் கம்பெனிகள் அடுக்குகளைக் கூட்டுகின்றன, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனைச் சேர்க்கின்றன, விலை கூடிய மாடல்களில் பின்னால் வெப்பத் தகடு வைக்கின்றன. 2022-க்குப் பிறகு வந்த பேனல்கள் முதல் தலைமுறையைவிட நன்றாகவே தாங்குகின்றன.

விளம்பரங்களில் 1 லட்சம் மணி நேரம் என்று ஒரு கணக்கு வரும். வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் பார்த்தால் வருஷத்துக்கு 2,190 மணி நேரம். அப்படியானால் 45 வருஷம் ஓட வேண்டும். இந்தக் கணக்கை நம்பி வாங்காதீர்கள். திரை முழுக்க ஒரே சீராகத் தேய்ந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். ஒரு இடம் அதிகமாகவும் இன்னொரு இடம் குறைவாகவும் தேய்வதுதான் கண்ணை உறுத்தும். வருஷக்கணக்கில் காலண்டர் தொங்கிய சுவரில் அதைக் கழற்றினால் அந்தச் சதுரம் மட்டும் வேறு நிறமாகத் தெரியுமே, அதே கதை. பர்ன்-இன் என்று சொன்னாலும் எதுவும் எரிந்துபோவதில்லை. சீரில்லாத தேய்மானம், அவ்வளவுதான்.

இப்போது சார் பார்க்கும் நியூஸ் சேனலை நினைத்துப் பாருங்கள். அடியில் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு பட்டை, அதற்கு மேல் முக்கியச் செய்திக்கு இன்னொரு பட்டை, ஒரு மூலையில் சேனல் சின்னம், கூடவே மணி. செய்தி மாறும், வாசிப்பவர் மாறுவார், பட்டை மாறாது. விளம்பரம் வரும்போதுதான் அந்த இடத்து விளக்குகளுக்குக் கொஞ்சம் ஓய்வு. கனடாவில் ஆர்டிங்ஸ் என்று ஒரு சோதனை நிறுவனம் இருக்கிறது. 2018-ல் அவர்கள் ஒரே மாடல் ஓஎல்இடி டிவிகள் ஆறை வாங்கி, நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நியூஸ் சேனல் ஓடிய டிவிகளில் நிழல் தெளிவாக விழுந்தது. வெளிச்சத்தைக் கூட்டி வைத்ததில் இன்னும் மோசம். படம் மாறிக்கொண்டே இருந்த வீடியோ கேம் ஓடிய டிவியில் அந்த அளவுக்குத் தொல்லை வரவில்லை. ஒரே பேனல், ஒரே ஊர், ஒரே கரண்ட். பார்த்தது மட்டும் வேறு. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இப்படித் தேய்ந்த பேனலை நான் பார்ப்பது சர்வீஸுக்கு வரும் டிவிகளில். சும்மா படம் ஓடும்போது பெரிதாகத் தெரியாது. திரை முழுக்கச் சிவப்பு நிறம் போட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும். அடியில் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை மங்கலான ஒரு பட்டை. மேல் மூலையில் சேனல் சின்னத்தின் விளிம்பு. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் மணி காட்டும் இடத்தில் இரண்டு எண்களுக்கு நடுவே வரும் இரட்டைப் புள்ளி கூடத் தெரியும். எண்கள் மாறுவதால் அவை கலங்கிப்போய் இருக்கும். அந்த இரட்டைப் புள்ளி மட்டும் அதே இடத்தில் நிற்கும். கிரிக்கெட்டில் பச்சைத் திடல் வரும்போதும், பாட்டில் மஞ்சள் சேலை வரும்போதும் இந்தக் கறை மேலே எழும்பி வரும். பார்த்துவிட்ட பிறகு கண் அங்கேயேதான் போகும்.

ஆனால் நிழல் என்று சொல்வதெல்லாம் தேய்மானம் இல்லை. உங்கள் தங்கச்சி டிவியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி: ராத்திரி டிவியை எப்படி அணைக்கிறார்கள்?

நம் வீடுகளில் ரிமோட்டில் அணைத்தால் அணைத்ததாகவே கணக்கில்லை. சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணினால்தான் மனசு ஆறும். கேஸை மூடியாச்சா, மோட்டார் ஆஃபா, டிவி சுவிட்ச் ஆஃபா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் படுப்போம். எல்இடி டிவிக்கு அது நல்ல பழக்கம். ஓஎல்இடிக்கு அது கெடுதல்.

ஏனென்றால், ஒவ்வொரு குட்டி விளக்குக்கும் பின்னால் அதற்குக் கரண்டை அளந்து விடும் டிரான்சிஸ்டர் உண்டு. மணிக்கணக்கில் ஓடினால் அதன் அளவு கொஞ்சம் பிசகும். பிசகினால் பழைய படத்தின் நிழல் தங்கும், திரையில் கோடு கோடாக வரும். இதைச் சரி பண்ணும் வேலையை டிவி தானாகவே செய்கிறது, ஆனால் நாம் ரிமோட்டில் அணைத்த பிறகுதான். எல்ஜி டிவிகளில் மொத்தம் 4 மணி நேரம் பார்த்து முடித்தபின் அணைத்தால், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது பத்து நிமிடம் போல அந்த வேலை நடக்கும். முடிந்ததும் உள்ளே ரிலே ஒன்று "டிக்" என்று விழும் சத்தம், அமைதியான வீட்டில் கேட்கும். 2,000 மணி நேரம் ஓடிய பிறகு இன்னொரு பெரிய சுத்திகரிப்பு. அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மற்ற கம்பெனி டிவிகளிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு, பெயரும் கணக்கும்தான் மாறும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் தட்டினால் இந்த வேலை எதுவுமே நடக்காது. நிழல் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

தங்கச்சி வீட்டில் நாளுக்கு 5 மணி நேரம் பார்க்கிறார்கள் என்று வைத்தால், இரண்டு வருஷத்தில் 3,650 மணி நேரம் ஆகிறது. பெரிய சுத்திகரிப்பு ஒரு தடவையாவது நடந்திருக்க வேண்டும். நடந்ததா என்பதுதான் சந்தேகம். அதனால் பேனல் போய்விட்டது என்று யார் சொன்னாலும் இப்போதே கைகழுவ வேண்டாம். ஒரு வாரம் ராத்திரி சுவிட்சைத் தொடாமல், ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். நிழல் குறைகிறதா என்று பார்க்கட்டும். குறையவில்லை என்றால் செட்டிங்ஸில் பிக்சல் கிளீனிங், பிக்சல் ரிஃப்ரெஷ், பேனல் ரிஃப்ரெஷ் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அதை ஒரே ஒரு தடவை ஓடவிடட்டும். ஓடும்போது நடுவில் கை வைக்கக் கூடாது. இதையே வாராவாரம் செய்வது தப்பு. தேவையில்லாமல் பேனலைத் தேய்க்கும். சோனி வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்றே சொல்கிறது. அதற்குப் பிறகும் சிவப்புத் திரையில் பட்டை நின்றால் அது தேய்மானம்தான். அப்போதும் டிவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கண்ணை உறுத்தாத வரைக்கும் ஓட்டலாம்.

ஸ்டாண்ட்பையில் விட்டால் கரண்ட் பில் ஏறுமே என்பீர்கள். போட்டவுடன் படம் வரவைக்கும் குயிக் ஸ்டார்ட் வசதியை ஆஃப் பண்ணி வைத்த டிவி, ஸ்டாண்ட்பையில் அரை வாட் போலத்தான் எடுக்கும். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 5 யூனிட் ஆகாது.

அப்புறம் மின்னல். உங்கள் பயத்தில் பாதி இதுதான் என்று தெரிகிறது. பயப்பட நியாயமும் இருக்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் உண்டு. சித்திரை வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் மதியத்துக்கு மேல் இடி தவறாமல் வரும். ராத்திரி சுவிட்சைத் தொடாதே என்று சொல்லிவிட்டு மின்னலுக்கு என்ன வழி சொல்கிறாய் என்றால், வழி இருக்கிறது. பார்த்து முடித்து ரிமோட்டில் அணையுங்கள். ஒரு கால் மணி நேரம் விடுங்கள். பிறகு பிளக்கையே உருவிவிடுங்கள். மழைக்காலத்தில் இதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். சுவர் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கிறது. இன்னொன்று வெளியே கம்பத்தோடு சேர்ந்தேதான் இருக்கும். மின்னலுக்கு அந்தச் சுவிட்சின் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் சுவிட்ச் ஆஃபில் இருந்தும் டிவி போச்சே என்று பலர் வருகிறார்கள். கேபிள் அல்லது டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். மொட்டைமாடி டிஷ் வழியாக வந்து, செட்டாப் பாக்ஸைத் தாண்டி, எச்டிஎம்ஐ ஒயர் வழியாக மெயின் போர்டைச் சுட்டுவிடும். வானம் கறுக்கும்போதே இதைச் செய்யுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு எந்த ஒயரையும் தொடாதீர்கள், டிவி போனால் போகட்டும். ஒருநாள் இரண்டுநாள் அந்தப் பத்து நிமிட வேலை விட்டுப்போனால் பேனலுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த தடவை செய்துகொள்ளும்.

மின்னலைவிட அதிகம் பேர் கவனிக்காத எதிரி ஒன்று உண்டு: நியூட்ரல் அறுந்துபோவது. தெருக் கம்பத்தில் மூன்று பேஸ் கம்பியும் ஒரு நியூட்ரலும் போகும். நம் வீட்டுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் வரும், 230 வோல்ட். காற்றில் தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டைப் பக்கத்துப் பக்கத்து வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். மோட்டாரும் கிரைண்டரும் ஓடும் வீட்டுக்குக் குறைவாகப் போகும். டிவியும் இரண்டு லைட்டும் மட்டும் எரிகிற வீட்டில் 300, 350 வோல்ட் ஏறும். டிவியின் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 450 வோல்ட் தாங்கும். வெளியே 350 ஏறினால் உள்ளே நேர்மின்சாரம் 490-ஐத் தாண்டும். கெப்பாசிட்டரின் தலை உப்பி வெடித்து, பக்கத்தில் இருக்கும் நீல நிற வட்டத் தகடு ஒன்று கரியாகி இருப்பதைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களுக்குக் கரண்ட் வர நாள்கணக்கானது. அந்த மாதிரி சமயங்களில் லைன் வந்த உடனே டிவியைப் போடாமல், லைட் சாதாரணமாக எரிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். எந்த நாளிலும் லைட் திடீரென்று பளீரென எரிந்து ஃபேன் வேகம் பிடித்தால், யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

இதற்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம். நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் பாக்ஸில், மின்னல் மாதிரி ஒரு நொடியில் பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு சர்ஜ் புரொடெக்டரும், வோல்டேஜ் அளவு மீறினால் துண்டிக்கும் ஒரு கட்-ஆஃபும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. அதற்கு முன்னால் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கடற்கரை மண்ணில் இரும்பு பைப் எர்த் சீக்கிரம் துருப்பிடித்துப் போகும், மேலே பார்த்தால் தெரியாது. எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் வைத்தும் முழுப் பலன் இல்லை. ஐந்தாறு பாயிண்ட் வைத்த ஒயர் போர்டை ஸ்பைக் கார்டு என்று விற்பார்கள். பல போர்டுகளில் சுவிட்சையும் லைட்டையும் தவிர உள்ளே ஒன்றும் இருக்காது. அதை நம்ப வேண்டாம்.

உப்புக்காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். ஓஎல்இடி பொருளுக்கு ஈரமும் ஆக்சிஜனும் விஷம் என்பது உண்மை. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதை ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் உலோகத் தகடு என்று அடைத்து, காற்றுப் புகாமல் ஒட்டிவிடுகிறார்கள். அந்த அடைப்பு நன்றாகவே தாங்கும். உப்பு தின்பது வேறு இடத்தை. கடற்கரை ஊரில் இருந்து வரும் டிவியின் பின்மூடியைக் கழற்றினால், எச்டிஎம்ஐ பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், திருகாணிகள் துருவேறி இருக்கும், ஒரு போர்டில் இருந்து இன்னொரு போர்டுக்குப் போகும் தட்டை ஒயரின் முனை மங்கிப்போயிருக்கும். பவர் போர்டுக்குப் பக்கத்தில் சூட்டுக்கு வந்து ஒட்டிய பல்லி ஒன்று காய்ந்து கிடப்பதும் உண்டு. இரண்டு முனையை அது ஒன்றாக்கிவிட்டால் போர்டே போய்விடும். இந்தத் தொல்லை எல்இடிக்கும் ஓஎல்இடிக்கும் பொது. பேனல் தவிர்த்த இந்தப் பழுதுகளை நம்மூரிலேயே சரி பண்ணவும் முடியும்.

அதனால் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே டிவியை மாட்டாதீர்கள். உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். எந்தப் பக்கத்துக் கம்பி அதிகம் துருப்பிடித்திருக்கிறதோ, அந்தப் பக்கத்துக் காற்று டிவி மேல் படக் கூடாது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். உள்சுவரில், பின்னால் நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். டிவி கையேடுகளில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். சாரல் நாட்களில் நம் கடற்கரை அதைச் சுலபமாகத் தாண்டும். தினமும் கொஞ்ச நேரம் ஓடும் டிவியில் அந்தச் சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும். தூசிக்குப் பயந்து பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், அதைச் செய்யாதீர்கள். எல்லாரும் வளைகுடாவில் இருக்க வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால்தான் கஷ்டம். அப்படிப்பட்டவர்கள் வாரம் ஒரு தடவையாவது யாரையாவது வந்து டிவியை ஓடவிடச் சொல்ல வேண்டும். துடைக்க, காய்ந்த மெல்லிய மைக்ரோ ஃபைபர் துணி மட்டும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீலத் திரவம் திரைக்கு ஆகாது.

செட்டிங்ஸில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக விவிட் மோடில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். ராத்திரி பார்க்க அதுவே போதும், தேய்மானமும் குறையும். லோகோ வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியும், படத்தை லேசாக நகர்த்தும் ஸ்கிரீன் ஷிஃப்ட் வசதியும் ஆனில் இருக்கட்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்க்கும் ஹாலுக்கு ஓஎல்இடி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். மங்கல் என்று வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றுவார்கள், நியூஸ் பட்டையும் அதே வெளிச்சத்தில் நிற்கும், அங்கேதான் கேடு. நியூஸுக்கு எல்இடி என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். அந்த எல்இடி வாங்கும்போது ஒரே ஓரத்தில் மட்டும் பல்பு வைத்து ஒல்லியாகச் செய்த மாடலைத் தவிர்த்து, பின்னால் முழுக்கப் பட்டை உள்ளதாகக் கேளுங்கள். ஆர்டிங்ஸ் 2022 கடைசியில் நூறு டிவிகளை வைத்துத் தொடங்கிய நீண்டகாலச் சோதனையில், அந்த ஒல்லி மாடல்கள் பல சூட்டில் பழுதாயின.

சார் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார், பெரிய டிவியில்தான் நியூஸ் பார்ப்பேன் என்பார் என்றால், அவரிடம் சண்டை வேண்டாம். மகனிடம் அதே காசுக்கு நல்ல மினி எல்இடி, அதாவது பின்விளக்காக மிகச் சிறிய பல்புகளை நிறைய வைத்த எல்இடி டிவி, வாங்கச் சொல்லுங்கள். கறுப்பு அந்த அளவுக்கு இருக்காது, ஆனால் நாள் முழுக்க நியூஸ் ஓடினாலும் பட்டை நிழல் விழும் கவலை இல்லை. ஒரு மனிதர் தன் வீட்டில் தனக்குப் பிடித்ததைப் பார்ப்பதற்கு டிவியைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

மஸ்கட்டில் இருந்து கொண்டு வர வேண்டாம். தட்டை டிவியை வரியில்லாமல் கொண்டுவரும் சலுகையை 2013 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் சுங்கவரி கட்ட வேண்டிவரும். அங்கே வாங்கிய டிவிக்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது. இங்கேயோ 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பில்லோடு வாங்குங்கள், பழுது என்றால் ஆள் வீட்டுக்கு வரும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஓஎல்இடிக்கு எடுக்கலாம் என்பேன். ஆனால் பேனல் அதில் சேர்த்தியா என்று கேட்டு, சேர்த்தி என்றால் மட்டும். பர்ன்-இன், மின்னல், வோல்டேஜ் ஏற்றம், துரு இவற்றைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருப்பார்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். மின்னலுக்குத் தனி வழி, வீட்டுக் காப்பீடு. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி 2021 ஏப்ரலில் இருந்து இருக்கிறது, மின்னல் அதில் வருகிறது. டிவி மாதிரிப் பொருளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மட்டும் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிவி வரும் நாளில் மகனையே கூட நிற்கச் சொல்லுங்கள். ஓஎல்இடி பேனல் ஓரங்களில் கைபேசியைவிட ஒல்லி. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் இறக்கவே விட வேண்டாம், நிமிர்த்தி வந்ததா என்று பாருங்கள். தூக்கும்போது திரையில் விரல் அழுத்தக் கூடாது. இரண்டு பேர், அடியிலும் பக்கத்திலும் பிடிக்க வேண்டும். மாட்டியதும் பென் டிரைவில் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், கடும் சாம்பல் என்று நாலு படம் போட்டு, ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். சாம்பலில் லேசான கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஓட ஓடக் குறையும். சிவப்பில் பட்டையோ சின்னமோ தெரிந்தால் அது கடையில் காட்சிக்கு வைத்து ஓட்டிய டிவி. மாட்ட வந்தவர் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே போட்டோ எடுத்து, வேறு டிவி கேளுங்கள்.